கொத்தடிமை நாடகத்துக்கு நடிகர் தேர்வு: புதிய குழுக்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சட்டம் வந்துவிட்டது, கடன் செல்லாது, நீ போகலாம் என்று சொன்ன பிறகும் ஒருவன் பண்ணையை விட்டுப் போக மறுக்கிறான். நாடகம் இந்த இடத்தில் நிற்கிறது என்றால், அவன் ஏன் மறுக்கிறான் என்பதற்குப் பாதி விடை நடிகர் தேர்விலேயே வந்துவிட வேண்டும். விசுவாசத்தை வெறும் நல்ல குணமாகக் காட்டினால், பார்ப்பவர் அடிமைத்தனத்தையும் மன்னித்துவிடுவார்.

உதாரணத்துக்கு ஒரு கதை. 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த நேரம். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஒரு பண்ணை: பண்ணையார், அப்பன் வாங்கிய முன்பணத்துக்காக உழைக்கும் பண்ணையாள், அவன் மனைவி, ஓடிவிடத் துடிக்கும் மகன், நடுவில் ஒரு மேஸ்திரி.

முதல் படி: பாத்திரக் குறிப்பு

ஒவ்வொருவரும் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், எதை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார் என்று எழுதுங்கள். நிறம் எழுத வேண்டாம். கறுத்தவருக்கு அடிமை வேடம், சிவந்தவருக்கு எசமான் வேடம் என்ற பழக்கத்தை இங்கேயே நிறுத்துங்கள். சாதி பார்த்து வேடம் கொடுப்பது அதைவிடக் கேவலம்.

இரண்டாம் படி: ஆள் தேடுதல்

நம் பக்கத்தில் முதலில் போக வேண்டியது தெருக்கூத்து வாத்தியார்களிடம். கர்ண மோட்சம் ஆடியவருக்குச் செஞ்சோற்றுக் கடன் என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. அரிச்சந்திரன் கட்டியவர், மனைவியையும் மகனையும் விற்றுத் தானும் விலைபோனவனின் வலியை விடிய விடிய மேடையில் சுமந்தவர். ஆனால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் கோடை மாதங்களில் அவர்களைக் கூப்பிடாதீர்கள். அது அவர்களுடைய பிழைப்புக் காலம். எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் வீதி நாடகங்களில் நடித்தவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று அடுத்துத் தேடலாம்.

மூன்றாம் படி: தேர்வு நாள்

நீண்ட வசனம் தராதீர்கள். ஒரே வரி போதும்: “நான் எங்கீங்க போவேன், சாமி?” இதை முதலில் பயத்தோடு சொல்லச் சொல்லுங்கள். அடுத்து நன்றியோடு. பிறகு, வெளியே காட்ட முடியாத கோபத்தோடு. மூன்றாவதில்தான் ஆள் தெரிவார். குரலை உயர்த்தாமல், தாடையிலும் விரல்களிலும் அந்தக் கோபத்தை வைத்திருப்பவரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மௌனச் சோதனை. பண்ணையார் கணக்கு நோட்டைப் படிக்கிறார், பண்ணையாள் நின்று கேட்கிறான். இரண்டு நிமிடம், அவனுக்கு வசனமே கிடையாது. கேட்கத் தெரியாதவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் இந்த வேடத்துக்கு உதவமாட்டார்.

கூத்துக் கலைஞர் வந்தால், கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டத்தை அடவு என்ற ஆட்ட அசைவு, பாட்டு எதுவும் இல்லாமல், உட்கார்ந்தபடி, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி பேசச் சொல்லுங்கள். திறந்தவெளிக்குப் பழகிய குரல் சின்ன அரங்குக்குள் அடங்குகிறதா என்று தெரியும்.

பிறகு பண்ணையாராகவும் பண்ணையாளாகவும் படித்த இருவரையும் வேடம் மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். பண்ணையாருக்கு முறுக்கு மீசையும் அதட்டலும் தேடாதீர்கள். “சாப்பிட்டியா?” என்று உண்மையான அக்கறையோடு கேட்கக்கூடியவர் வேண்டும். அந்த அக்கறைதான் சங்கிலி. அது பார்வையாளருக்குப் புரிந்துவிட்டால் நாடகம் பாதி ஜெயித்த மாதிரி.

மனைவி வேடத்தை அழுகைக்காகத் தேர்வு செய்யாதீர்கள். கடன் எவ்வளவு என்று அந்த வீட்டில் சரியாகத் தெரிந்தவள் அவள்தான். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நடிகர்களின் பேச்சில் தெலுங்கும் கன்னடமும் கலந்து வந்தால் திருத்த வேண்டாம்.

நான்காம் படி: சம்மதம்

செங்கல் சூளையிலோ கல்குவாரியிலோ முன்பணத்தில் சிக்கி மீண்ட குடும்பத்தினர் நடிக்க வரலாம். அவர்கள் கதையைச் சொல்லும்படி தேர்வில் கேட்கவே கேட்காதீர்கள். எந்த வேடம் வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். பண்ணையாராக நடிக்க விரும்பினால் தாராளமாகப் படிக்கக் கொடுங்கள். அடிக்கும் காட்சி, துண்டை இடுப்பில் கட்டி நிற்கும் காட்சி, காலில் விழும் காட்சி எல்லாவற்றையும் தேர்வு நாளிலேயே எல்லோரிடமும் சொல்லி, சம்மதமா என்று தனியாகக் கேளுங்கள்.

மகன் வேடத்துக்குப் பள்ளி மாணவன் என்றால் பெற்றோரின் அனுமதி கட்டாயம். பொதுத்தேர்வு எழுதுபவனாக இருந்தால், அது முடிந்த பிறகு ஒத்திகையைத் தொடங்குங்கள்.

முடிவை ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், தேர்வாகாதவர்களுக்கும் போன் செய்து. பண்ணையாள் வேடத்துக்கு மட்டும் மாற்று நடிகர் ஒருவரை முதல் ஒத்திகையிலிருந்தே கூட உட்கார வையுங்கள்.