காட்டில் யார் குடியிருக்கிறார்கள்? கொட்டை ஓடு சொல்லும்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஹேசல் (கெட்டி ஓடுள்ள கொட்டை காய்க்கும் புதர்மரம்) காட்டில் ஐந்து வருடமாக ஓடு பொறுக்குகிறேன். இங்கே வாழும் சின்னக் கொறிவிலங்குகள் பெரும்பாலும் இருட்டில்தான் நடமாடும், கண்ணில் படுவது அரிது. ஆனால் அவை தின்றுபோட்ட ஹேசல் கொட்டையின் ஓட்டை வைத்து யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம்.

செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பருக்குள் போங்கள். தாமதித்தால் ஓடு கறுத்துப் பல்தடம் மங்கிவிடும். நன்றாகக் காய்த்த புதருக்கு அடியில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடத்தை எடுத்துக்கொண்டு, மண்டியிட்டு 20 நிமிடம் சருகை விலக்கித் தேடுங்கள். இப்படி 5 இடம். எழுந்திருக்கும் முன் சருகைப் பழையபடி மூடிவிடுங்கள்.

சரி, இப்போது லென்ஸ். இரண்டாகப் பிளந்த ஓடு சாம்பல் அணிலுடையது, விட்டுவிடலாம். வட்டத் துளை இருந்தால் முதலில் அதன் உள்விளிம்பைப் பாருங்கள். கடைசல் பிடித்ததுபோல் வழவழப்பாக இருந்து, வெளியே துளையைச் சுற்றிச் சாய்வான கீறல்களும் இருந்தால் அது ஹேசல் டார்மவுஸ், அதாவது மரக்கிளைகளில் வாழும் எலிபோன்ற சின்னக் கொறிவிலங்கு. உள்விளிம்பு அரம்போல வரிவரியாக இருந்தால் டார்மவுஸ் இல்லை. அப்போது வெளிப்பக்கத்தைப் பாருங்கள்: கீறல் இருந்தால் காட்டுச் சுண்டெலி, இல்லாவிட்டால் பேங்க் வோல் என்ற குட்டைவால் எலி. முதல் வருடம் நான் வெளிக்கீறலை மட்டும் பார்த்துச் சுண்டெலி ஓடுகளையெல்லாம் டார்மவுஸ் கணக்கில் எழுதிவிட்டேன். அதனால்தான் உள்விளிம்பு முதலில் என்கிறேன்.

ஒரே காட்டை இவை மாடி மாடியாகப் பிரித்துக்கொள்கின்றன. சுண்டெலிக்கு வேருக்கடியில் வளை. பேங்க் வோலுக்கு அடர்ந்த புதரும் புல்லும். இனப்பெருக்கக் காலத்தில் இந்த இரண்டிலும் பெண்கள் தங்கள் எல்லைக்குள் இன்னொரு பெண்ணை விடாது. ஆண்களோ பல பெண்களின் எல்லைகளில் சுற்றும். டார்மவுஸ் கோடை முழுவதும் கிளைகளிலேயே வாழும். ஹனிசக்கிள் கொடியின் பட்டையை நார்நாராகக் கிழித்துப் பந்துபோலக் கூடு பின்னி, வெளியே பச்சை ஹேசல் இலையைச் சுற்றும். எனக்கு அதைவிட அழகான கூடு தெரியாது! டார்மவுஸுக்காக மரத்தில் மாட்டிவைக்கும் கூட்டுப்பெட்டிக்குள் காய்ந்த இலை குப்பையாகக் கிடந்தால் அது சுண்டெலி வேலை.

கூட்டைக் கண்டால் தொடாமல் விலகுங்கள். டார்மவுஸ் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. உரிமம் இல்லாமல் அது இருக்கும் பெட்டியைத் திறக்கக் கூடாது.

அப்புறம், ஓடு கிடைத்த இடங்களை வரைபடத்தில் குறித்து, அங்கிருந்து கிளை எதுவரை தொடர்கிறது என்று அண்ணாந்து பார்த்தபடி நடங்கள். இடைவெளி வந்தால் டார்மவுஸ் தரையில் இறங்கிக் கடக்கத் தயங்கும். எங்கள் காட்டை ஒட்டிய உயிர்வேலியில் வண்டி போக வழி வெட்டியிருக்கிறார்கள். அதற்கு அப்பால் இதுவரை ஒரு டார்மவுஸ் ஓடுகூட எனக்குக் கிடைக்கவில்லை. இந்த மாதிரி இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள், ஹேசல் கன்று நடவேண்டிய இடம் அதுதான்.

உறைபனி தொடங்கிவிட்டால் வேர் இடுக்கிலும் பாசிக்கடியிலும் கையை நுழைக்காதீர்கள். குளிர்காலத் தூக்கத்துக்கு டார்மவுஸ் தரைக்கு இறங்கியிருக்கும்.