பறவைக்காக ஏரி வெட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் காட்பாடிப் பக்கத்துப் பையன்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். வீடுகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்ட ஒரு ஏரியைச் சீர்செய்து, வலசைப் பறவைகள் தங்கும் இடமாக மாற்ற வேண்டும் என்றார்கள். வரைபடத்தை விரித்தார்கள். நாலு பக்கமும் செங்குத்தான கரை, முழுக்க ஒரே ஆழம், சுற்றிலும் நடைபாதை, நடுவில் ஒரு தீவு. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2016-ல் நான் கையில் வைத்துக்கொண்டு அலைந்த படமும் இதேதான்.

குப்பை கொட்டக் கூடாது, சாக்கடையை விடக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நல்ல மனதோடு, கைக்காசையும் போட்டுச் செய்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஏரியைத் தொட்டியாக வெட்டுவது

இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

நம் வடாற்காட்டு ஏரிகள் எல்லாம் தாம்பாளம் மாதிரி. சரிவுக்குக் குறுக்கே ஒரு பக்கம் மட்டும் கரை கட்டியிருப்பார்கள். மதகை ஒட்டி ஆழம். அங்கிருந்து எதிர்ப்பக்கம் போகப் போக ஆழம் குறைந்து, கடைசியில் கணுக்கால் நனைகிற அளவுதான் தண்ணீர். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு, அப்புறம் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். நான் சொல்வது புரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி கோடி போகும், அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும். தை பிறந்ததும் தண்ணீர் வற்றத் தொடங்கும். ஓரம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பின்வாங்க, புதுச் சேறு வெளியே தெரியும். அந்தச் சேற்றில் இருக்கிற புழு பூச்சிக்குத்தான் உள்ளான்கள் என்கிற சேற்றோரப் பறவைகள் அவ்வளவு தூரம் பறந்து வருகின்றன. கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு நம் ஊருக்கு வருகிறது. அதன் காலுக்கு இரண்டு விரற்கடைத் தண்ணீரே அதிகம். பொறி உள்ளான் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் நிற்கும், நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் வரை இறங்கும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து இரண்டும் நீந்தினாலும், தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி மேய்கிறவை. கழுத்து எட்டுகிற ஆழத்துக்கு மேல் அவற்றுக்கு இரை கிடையாது. ஆறடித் தண்ணீரில் பிழைப்பவை நீர்க்காகமும் முக்குளிப்பானும்தான். அவை இல்லாத ஏரியே கிடையாது.

இது எதுவும் தெரியாமல் நான் என்ன செய்தேன்? ஊரில் பணம் திரட்டி, பதினோரு நாள் ஜேசிபி ஓட்டினேன். ஏரி உள்வாய் முழுவதையும் ஒரே மட்டமாக ஆறடிக்கு வெட்டி, அந்த மண்ணையே சுற்றிலும் கொட்டிக் கரையாக்கினோம். மழை வந்து நிரம்பியதும் பார்த்தவர்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நல்ல மழை பெய்த முதல் தை மாதம் பைனாகுலரோடு போனேன். முன்பெல்லாம் கூட்டமாக உள்ளான்களும் மஞ்சள் வாலாட்டிகளும் மேய்ந்த இடத்தில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரே ஒரு பொறி உள்ளான் மட்டும் இருந்தது. கரைச் சரிவில் அடுக்கிய கல்மேல் நின்று, வாலை ஆட்டி ஆட்டி, கழுத்தை நீட்டிக் கீழே தண்ணீரைப் பார்த்தது. அடுத்த கல்லுக்குத் தாவியது. அங்கேயும் அப்படியே பார்த்தது. பிறகு ‘ச்சிஃப் ச்சிஃப்’ என்று கத்திக்கொண்டு பாலாற்றுப் பக்கம் போய்விட்டது.

ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார். “நீங்க ஏரிய வெட்டல தம்பி, கெணறு வெட்டியிருக்கீங்க. காலு வைக்க எடம் எங்க இருக்குது?” என்றார். அவருடைய ஆட்டுக்கும் தண்ணீர் குடிக்க வழியில்லாமல் செய்திருந்தேன். எடுத்த மண்ணைத் திரும்பப் போட்டுச் சரிவாக்கலாம் என்று இரண்டு கோடை முயன்றோம். மழைக்கு மண் கரைந்து உள்ளே போனதுதான் மிச்சம்.

அதனால் பையன்களிடம் சொன்னேன்: ஆழம் வேண்டுமானால் மதகுப் பக்கம் மட்டும் வெட்டுங்கள். எதிர்ப்பக்கம் இருபதடி நடந்தால் ஓரடி இறங்குகிற மாதிரி இருக்கிற சரிவை அப்படியே விடுங்கள். அது அழுக்காகத் தெரியும், சேறாக இருக்கும், பார்க்கிறவர்கள் ‘இதை ஏன் விட்டீர்கள்’ என்று கேட்பார்கள். கேட்கட்டும். வண்டலை உள்ளே எங்கும் குவிக்காமல், முறைப்படி அனுமதி வாங்கி விவசாயிகளின் நிலத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

வரத்துக் கால்வாயை மறப்பது

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கால்வாய் அடைத்துக் கிடக்க, ஏரியை மட்டும் வெட்டினால் பள்ளம்தான் மிஞ்சும். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் போனபோதும் கால்வாய் தூர்ந்த ஏரிகளுக்குத் தண்ணீர் எட்டவில்லை. முதல் ரூபாய் கால்வாய்க்கு.

சீமைக் கருவேலத்தை ஒரே நாளில் வெட்டுவது

அந்த மரம் எனக்கும் பிடிக்காது. ஆனால் ஊருக்குள் இருக்கிற ஏரியில் வக்காவுக்கும் (இரவில் இரை தேடுகிற கொக்கு வகை) கொக்குக்கும் கூடு கட்ட வேறு மரமே இருக்காது. வெட்டும் முன் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பாருங்கள். கீழே வெள்ளை எச்சம் சிதறியிருந்தால், குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தப் பக்கம் அரிவாள் போகக் கூடாது. முதலில் நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் வையுங்கள். வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டுவது இவற்றின் மேல்தான். அவை ஆளுயரம் தாண்டிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகச் சீமைக் கருவேலத்தை எடுக்கலாம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி

விடாதீர்கள். வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன்.

உயர்கோபுர விளக்கு

வேண்டாம். நடைபாதைக்கு வெளிச்சம் தேவை என்றால் முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்து வையுங்கள்.

சுற்றிலும் நடைபாதை

மக்கள் நடக்கட்டும், கரைமேல் மட்டும். ஆழம் குறைந்த பக்கத்திலும் ஆள் நடமாட்டம் இருந்தால், மேய்கிற கூட்டம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி எழும்பி, தின்றதை எல்லாம் பறந்தே தீர்த்துவிடும்.

வேலையை இழுத்துக்கொண்டே போவது

உள்ளான்கள் ஆகஸ்டிலேயே வந்து இறங்க ஆரம்பிக்கும். ஆடி முடிவதற்குள் இயந்திரம் வெளியேறிவிட வேண்டும். பையன்கள் நேற்று ஏரிக்குக் கூட்டிப் போனார்கள். மேற்குப் பக்கச் சேற்றைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். ஜேசிபி ஓட்டப்போகிறவரையும் வரவழைத்து, அந்தக் கோட்டின் மேல் அவரோடு முழுத் தூரமும் நடந்தோம்.