சீக்கு வந்த மாதிரி நடிக்கிற மாடு: கதை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்கு டிமிக்கி குடுக்க வயித்து வலின்னு படுத்துக்கிற மாட்டுக் கதைல முக்கால்வாசி பேர் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. மாடு படுக்கும், எஜமான் கண்டுபிடிப்பாரு, நாலு சாத்து சாத்துவாரு, கதை முடிஞ்சுது. அப்போ அன்னைக்கு வயலை உழுதது யாருங்க? மாடு படுத்துட்டா வேலை காணாம போயிடாது, வேற ஒருத்தன் தலைல விழும், கதையே அதுதான்.

ஆயிரத்தொரு இரவுகள் ஆரம்பத்துல மந்திரி தன் மகளுக்குச் சொல்ற கதைல இது பிரமாதமா வரும். பாவம், தினமும் உழுது நொந்து போன மாட்டுக்கு, தீனி தொடாம படுத்துக்கோன்னு ஐடியா குடுக்கிறதே கழுதைதான், கடைசில ஏர்ல பூட்டுறது அந்தக் கழுதையைத்தான், சாயங்காலம் கழுத்து புண்ணாகி வந்து நிக்கும். அப்புறம் நைசா, 'நீ எந்திரிக்கலன்னா கசாப்புக்காரன்கிட்ட குடுக்கப் போறாராம்'னு ஒரு பிட்டைப் போடும் பாருங்க, மாடு வச்ச தீனிய ஒண்ணு விடாம காலி பண்ணிடும். மாட்டை எழுப்பி விட்டது அடி இல்ல, அந்தப் பயம்தான்.

அதுல எஜமானுக்கு மிருக பாஷை தெரியும், சரி. உங்க கதைல தெரியாதுன்னா எப்படிக் கண்டுபிடிச்சாரு? 'புத்திசாலி எஜமான் புரிஞ்சுக்கிட்டார்'னு ஒரே வரில தாண்டாதீங்க. நல்லா இருக்கிற மாடு படுத்தா அசை போடும், மூக்கு ஈரமா இருக்கும், நிஜமா சீக்கு வந்தா அசை போடுறது நின்னுடும். அதனால நம்மாளு கண்ணை மூடி முனகட்டும், ஆனா தாடை மட்டும் பழக்க தோஷத்துல சைடு சைடா அசைஞ்சுகிட்டே இருக்கட்டும், குழந்தையே 'ஏய் நடிக்குது'ன்னு கத்திடும்.

தெர்மாமீட்டர் வச்சு 101 டிகிரி காய்ச்சல்னு எழுதாதீங்க, மாட்டுக்கு அது நார்மல் சூடு.

இன்னொண்ணு, இதைக் கவனிக்கிறவங்க ரொம்பக் கம்மி. முடியலன்னு சொல்ற எல்லாரும் பொய் சொல்றாங்கங்கிற மாதிரி கதை போயிடக் கூடாது, அப்புறம் நிஜமாவே வயிறு வலிக்கிற குழந்தை திட்டுவாங்களோன்னு வாயத் திறக்காது. பயத்துல கூட குழந்தைங்களுக்கு உண்மையாவே வயிறு வலிக்கும், அது நடிப்பு இல்ல. அதனால அதே கதைல ஒரு ஆட்டுக்குட்டி நிஜமா சுருண்டு படுக்கட்டும், அதை யாரும் சந்தேகப்படாம கவனிச்சுக்கட்டும்.