திருத்துறைப்பூண்டியை வைத்துச் சோதித்துப் பாருங்கள்

புதிதாக ஒரு வலைத்தளம் செய்ய உட்கார்ந்தால் நான் முதலில் தட்டும் சொல் ‘திருத்துறைப்பூண்டி’. எனக்கும் அந்த ஊருக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை, நான் கும்பகோணத்துக்காரன். ஆனால் ஒன்பது எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது, கொம்பு, சுழி, மேலே புள்ளி எல்லாம் உண்டு. மெனுவில், பொத்தானில், விலைப்பட்டியல் கட்டத்தில் இந்தச் சொல் வழியாமல் உட்கார்ந்துவிட்டால் டெல்டாவின் மற்ற ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும்.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அப்பாவின் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு டிடிபி செய்துகொண்டிருந்தவன் நான். காகிதத்தில் எழுத்தை ஒரு தடவை உட்காரவைத்தால் போதும், அசையாது. வலைத்தளத்துக்கு வந்தபோது ரெடிமேட் டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து, அதில் இருந்த ‘லோரம் இப்சம்’ நிரப்பு வரிகளோடே கடைக்காரரிடம் காட்டி, சரி என்று வாங்கிவிடுவேன். தமிழைக் கடைசியில் கொட்டுவேன். ஒரு பாத்திரக்கடை முதலாளி தன் ஃபோனில் திறந்து பார்த்துவிட்டு, “தம்பி, காட்டினப்போ நல்லா இருந்துச்சே, இப்ப ஏன் வண்டியிலேர்ந்து வைக்கோல் சரியிற மாதிரி இருக்கு?” என்றார். ‘ஹோம்’ என்ற நாலெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த சட்டையைத் தமிழுக்குப் போட்டால் அப்படித்தான் இருக்கும்.

எனவே முதல் நாளே தமிழை உள்ளே போடுங்கள். வாடிக்கையாளர் விஷயம் தராவிட்டால் அவருடைய பழைய நோட்டீஸையாவது தட்டச்சு செய்து போடுங்கள். அப்புறம் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் சில மாற்றங்கள். வரி உயரம் டெம்ப்ளேட்டில் 1.4 என்று இருக்கும். தமிழுக்கு நான் 1.7 வைக்கிறேன், இல்லாவிட்டால் மேல்வரியின் ‘மூ’ காலும் கீழ்வரியின் ‘கி’ கொண்டையும் இடித்துக்கொள்ளும். எழுத்தளவு 18 பிக்சல். தலைப்புகளில் ஆங்கிலத்துக்காக வைத்த எழுத்து இடைவெளியைச் சுழியம் ஆக்குங்கள். சாய்வெழுத்து வேண்டவே வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது கிடையாது, பிரவுசர் தானே பிடித்துச் சாய்க்கும், குடித்துவிட்டு நிற்பதுபோல இருக்கும். இருபக்கமும் சமப்படுத்துவதையும் விட்டுவிடுங்கள். ஃபோனில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் வரும், அதைச் சமப்படுத்தப் போனால் சொல்லுக்குச் சொல் வாய்க்கால் வெட்டினதுபோல வெள்ளை விழும். நீளமான சொல் திரையைத் தாண்டாமல் இருக்க ‘ஓவர்ஃப்ளோ ராப்’ என்ற பண்பைப் போட்டுவையுங்கள். மொழிக் குறியீட்டில் தமிழ் என்று குறிப்பதையும் மறக்க வேண்டாம், படித்துக்காட்டும் மென்பொருள்கள் அதைப் பார்த்துத்தான் குரலைத் தேர்ந்தெடுக்கும்.

எழுத்துருவுக்கு அதிகம் அலைய வேண்டாம். பத்தி எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர், தலைப்புக்கு கேட்டமரன். மூன்றுமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். சாதாரணம், தடிப்பு என்று இரண்டு கனம் மட்டும் எடுத்தால் பக்கம் வேகமாகத் திறக்கும்.

அடுத்தது பாமினி என்ற பழைய எழுத்துருவின் தொல்லை. எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரியவைக்கும் யுனிகோட் குறியீட்டை 2010-இலேயே தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றுவிட்டது. அச்சகங்கள் பலவற்றுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை, எங்கள் அச்சகத்தையும் சேர்த்தே சொல்கிறேன். கடைக்காரர் கொடுக்கும் பழைய கோப்பு பாமினியில் இருக்கும், அல்லது வானவில் எழுத்துருவில். பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துருதான் அதற்குத் தமிழ் வேஷம் கட்டுகிறது. அப்படியே வலைத்தளத்தில் ஒட்டினால் வேஷம் கலைந்துவிடும். என்எச்எம் கன்வெர்ட்டர் அல்லது பொங்குதமிழ் மாற்றியில் போட்டு யுனிகோடாக்குங்கள். மாற்றிய பிறகு ஒரு முறை முழுதாகப் படியுங்கள். மாற்றிக்கு எது நிஜ ஆங்கிலம் என்று தெரியாது. மின்னஞ்சல் முகவரியையும் ஜிஎஸ்டி எண்ணையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும். கோயில் பெயர்களில் ‘ஸ்ரீ’யையும் கவனியுங்கள். அதை ‘ஸ’வில் தொடங்கியும் அடிக்கலாம், ‘ஶ’வில் தொடங்கியும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் பக்கத்துக்குள் தேடும்போது ஒன்று மற்றொன்றோடு பொருந்தாமல் போகலாம். தளம் முழுக்க ஒரே வகையாக மாற்றிவிடுங்கள்.

வலைப்பதிவு எழுதுபவர்கள் திருத்துறைப்பூண்டியை மறுபடி ஒரு முறை நினைத்துக்கொள்ள வேண்டும். வலைப்பதிவு நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் உங்கள் தலைப்பிலிருந்து பதிவின் முகவரியைத் தானே உருவாக்கும், அதற்கு 200 குறிதான் இடம். தமிழின் ஒவ்வொரு யுனிகோட் குறியும் முகவரிக்குள் போகும்போது சதவீதக் குறிகளோடு 9 குறியாக வீங்கும். கொம்பும் புள்ளியும்கூடத் தனிக்கணக்கு. திருத்துறைப்பூண்டி 18 யுனிகோட் குறி, அதாவது 162. பாரம்பரிய விதைகளுக்காக அங்கே நடக்கும் நெல் திருவிழாவைப் பற்றி ‘திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா’ என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். முகவரி ‘நெல்’லோடு நின்றுவிடும், திருவிழா நடக்காது. அதை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் பல நேரம் சதவீதக் குறியாகத்தான் ஒரு திரை நீளத்துக்கு ஓடும். தலைப்பைத் தமிழில் எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் வையுங்கள், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லாக நீங்களே அடியுங்கள். வெளியிடுவதற்கு முன் அடிப்பது முக்கியம். வெளியான பின் மாற்றினால், ஏற்கெனவே வேறு இடங்களில் கொடுத்த இணைப்புகள் அறுந்துபோகும் வாய்ப்பு உண்டு.

படம் எடுப்பதில் நான் கொஞ்சம் பைத்தியம். நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறை ஒன்றுக்குத் தளம் செய்தபோது எடுத்த முதல் நாற்பது படங்களிலும் விளக்குக்குள் என் சிவப்புச் சட்டை தெரிந்தது. மெருகேற்றிய பித்தளை கண்ணாடிதான். பட்டறை அண்ணன் சிரித்துக்கொண்டே தன் வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதை ஜன்னலுக்குக் குறுக்கே கட்டினோம், காலை வெயில் அதில் பட்டு மெத்தென்று உள்ளே வந்தது. விளக்கின் ஒரு பக்கம் கறுப்பு சார்ட் அட்டை வைத்தேன். தண்டின் கடைசல் வளையங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தன. ஃபோனில் மிகவும் பளிச்சிடும் இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு எடுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

யாராவது படம் அனுப்பினால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், தரம் குறையாது. பிறகு ஸ்கூஷ் தளத்தில் போட்டு 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி என்ற பட வடிவில் 75 தரத்தில் சேமியுங்கள். ஸ்கூஷ் உங்கள் பிரவுசருக்குள்ளேயே வேலை செய்கிறது, படம் வெளியே எங்கும் போவதில்லை. இணைப்பைப் பகிரும்போது தோன்றும் முன்னோட்டப் படத்துக்கு 1200-க்கு 630 என்று படுக்கைவாக்கில் தனியாக ஒன்று செய்யுங்கள். நான் செய்யாமல் விட்டேன். முன்னோட்டம் நின்ற விளக்கைக் குறுக்கே நறுக்கி, உச்சியில் இருந்த அன்னத்தின் தலையை எடுத்துவிட்டது. சாமி விஷயத்தில் இதையெல்லாம் யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தளம் முடிந்ததும் மடிக்கணினியை மூடிவிட்டு, பழைய ஃபோன் ஒன்றை எடுத்துக்கொண்டு மத்தியான வெயிலில் தெருவுக்குப் போங்கள். நெல் வியாபாரி களத்தில் நின்றுகொண்டுதான் உங்கள் தளத்தைப் பார்ப்பார். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து அங்கே மாயமாகிவிடும். பத்தி எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடாவது வேண்டும் என்கிறது, தளங்களை எல்லோரும் படிக்க முடியவேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி தரம். குரோம் பிரவுசரில் தளம் செய்பவர்களுக்கென்று இருக்கும் டெவ்டூல்ஸில் நிறத்தைச் சொடுக்கினால் இந்த எண்ணைக் காட்டும். நான் 7-க்குக் கீழே இறங்குவதில்லை. அதே டெவ்டூல்ஸில் இணைய வேகத்தைக் குறைத்தும் ஒரு முறை திறந்து பாருங்கள். கூகுளின் வேகச் சோதனைத் தளமான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முக்கியப் படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், நூற்றுக்கு நூறு மதிப்பெண்ணுக்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஃபோன் அமைப்பில் எழுத்தளவைக் கடைசிவரை பெரிதாக்கியும் பாருங்கள். எங்கள் அம்மா அப்படித்தான் வைத்திருக்கிறார்.

கடைசியாக டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர். அது கடைக்காரர் பெயரில், அவர் தினமும் பார்க்கும் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் எல்லாம், வேலையை விட்டுப் போய்விட்ட கணக்கரின் முகவரிக்குப் போயிருக்கின்றன. சலுகைக் காலமும் முடிந்து, மீட்புக் கட்டணம் என்று பல மடங்கு கட்டித்தான் பெயரைத் திரும்ப வாங்கினோம். காலாவதித் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்லை. டாட் காம் பெயரை முன்கூட்டியே புதுப்பித்தாலும் மீதி நாள் வீணாகாது, பழைய தேதியோடு ஓராண்டு கூடும். அதனால் நான் எல்லோருக்கும் தை, மாசியிலேயே கட்டிவிடுகிறேன். சம்பா அறுவடை முடிந்து இந்தப் பக்கம் கையில் காசு புழங்கும் நேரம் அது. ரசீதை அச்சடித்து, கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு வருவேன்.