கிரியாட்டினின் ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது?

நான் லேப் டெக்னீஷியன். கிரியாட்டினின் 1.4 என்று பார்த்ததும் முகம் வெளிறிப்போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது: நேற்று ராத்திரி மட்டன் சாப்பிட்டீர்களா, ஜிம்மில் கடுமையாகப் பயிற்சி செய்தீர்களா, தண்ணீர் சரியாகக் குடித்தீர்களா? இவையெல்லாம் எண்ணைத் தற்காலிகமாக ஏற்றும்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; அதை ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றுவது சிறுநீரகம். கட்டுமஸ்தான இளைஞனுக்கு 1.3 சாதாரணமாக இருக்கலாம். மெலிந்த 75 வயதுப் பாட்டிக்கு அதே 1.3 கவலைப்பட வேண்டிய அளவு. அதனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும்) எண்ணைப் பாருங்கள். அது 60க்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 60க்கு மேல் இருந்தாலும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் தொடர்ந்து ஒழுகினால் அதுவும் நோய்தான். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் அந்த ஆல்புமின் பரிசோதனையை வருடம் ஒருமுறை கேட்டுச் செய்துகொள்ளுங்கள், தயவுசெய்து.

டாக்டரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோங்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் வேண்டாம், அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அப்புறம், 'சோடியம் குறைந்த உப்பு' பெரும்பாலும் பொட்டாசியம் கலந்தது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்தப் பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைத்துவிடலாம்.

சிறுநீர் திடீரென்று குறைந்தாலோ மூச்சு வாங்கினாலோ அடுத்த டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.