பழைய ஃபெண்டர் 400 பெடல் ஸ்டீல் கிட்டாரை மீண்டும் வாசிப்புக்குக் கொண்டுவருவது எப்படி

பெடல் ஸ்டீல் கிட்டார் தோளில் தொங்குவதில்லை. மேசையைப் போல நான்கு கால்களில் நிற்கிறது. தந்திகளின் மேல் உருளையான எஃகுக் கட்டையை நகர்த்தி வாசிக்கும்போது, காலடியிலுள்ள பெடலை மிதித்தால், குறிப்பிட்ட தந்திகளின் சுருதி மட்டும் ஏறும் அல்லது இறங்கும். இன்றைய கருவிகளில் மிதியின் இழுப்பை, தந்திகளின் ஒரு முனையைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கொண்டுசெல்பவை உலோகத் தண்டுகள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் வேறு வழியில் சென்றது. 1957இல் வந்த இரட்டைக் கழுத்துடைய ஃபெண்டர் 1000, அதைத் தொடர்ந்து வந்த ஒற்றைக் கழுத்து எட்டுத் தந்தி ஃபெண்டர் 400 ஆகிய இரண்டிலும் தண்டுகளுக்குப் பதிலாக எஃகுக் கேபிள்கள் ஓடுகின்றன. 1970களில் இவ்வகையின் உற்பத்தி நின்றுவிட்டதால், கையில் கிடைப்பது பெரும்பாலும் பல ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த கருவியாகவே இருக்கும்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இந்தக் கருவியில் கேபிள் இழுக்க மட்டுமே செய்கிறது. சுருதி எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பிரிட்ஜிலுள்ள திருகாணிகளே முடிவு செய்கின்றன. தண்டு வைத்த கருவிகளில் பழகியவர்கள் கேபிளை முறுக்கியும் குறுக்கியும் சுருதி சேர்க்க முயல்வதே இங்கு நேரும் பிழைகளில் பெரியது.

முதலில் தந்திகளைத் தளர்த்திவிட்டு, கருவியைத் தடித்த போர்வையின் மேல் கவிழ்த்து வையுங்கள். எந்தப் பெடலின் நெம்புகோலிலிருந்து எந்தத் தந்திக்குக் கேபிள் செல்கிறது என்பதைப் படமெடுத்து, தாளிலும் வரைந்துகொண்ட பிறகே எதையும் கழற்ற வேண்டும். கேபிள்கள் கொக்கியில் மாட்டப்பட்டவை, கையாலேயே கழற்றலாம். ஒவ்வொன்றையும் விரலிடையே மெதுவாக உருவிப் பாருங்கள். ஓர் இழை அறுந்து குத்தினாலும் அந்தக் கேபிளை மாற்றிவிடுவதே நல்லது, ஏனெனில் மீதி இழைகள் வாசிப்பின் நடுவில்தான் அறும். மிதிவண்டி பிரேக்குக்குப் பயன்படும் 1.5 மி.மீ. பல்லிழைக் கம்பியைப் பழைய கேபிளின் நீளத்துக்கே வெட்டி, முனையை மடித்து, உலோகக் குழலில் செருகி நசுக்கிப் பிடித்தால் போதும். பழைய கேபிள்கள் துருப்பிடித்திருந்தாலும் தூக்கி எறியாமல் ஓர் உறையிலிட்டு வையுங்கள். அசல் பாகம் என்று அவற்றையும் தேடுவோர் இருக்கிறார்கள்.

பிரிட்ஜின் அசையும் பாகங்களில் இறுகிப்போன பழைய கிரீஸைச் சிறிது மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, ஒவ்வொரு மூட்டிலும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடுங்கள். மிதித்து விட்ட பின் தந்தி பழைய சுருதிக்குத் திரும்பவில்லையென்றால், உடனே ஸ்பிரிங்கின் மேல் பழி போடாதீர்கள்; பெரும்பாலும் அழுக்குதான் காரணமாக இருக்கும்.

அடுத்தது பெடல்களுக்கு வேலை பிரிப்பது. ஒன்று முதல் எட்டு வரை தந்திகளை எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ என்று வைத்துக்கொண்டால் கன்ட்ரி இசைக்கு வேண்டியது பெரும்பாலும் கிடைத்துவிடும். முதல் பெடலின் கேபிளை ஐந்தாம் தந்திக்கு மாட்டிப் பி-யை சி ஷார்ப்புக்கு ஏற்றுங்கள். இரண்டாம் பெடலை மூன்று, ஆறு ஆகிய தந்திகளுக்கு மாட்டி ஜி ஷார்ப்பை ஏ-க்கு ஏற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மிதித்தால், கட்டையை நகர்த்தாமலே ஈ மேஜர், ஏ மேஜராக மாறும். மூன்றாம் பெடலுக்கு நான்காம், எட்டாம் தந்திகளின் ஈ-யை டி ஷார்ப்புக்கு இறக்கும் வேலையைக் கொடுக்கலாம். ஆனால் ஒரு பெடலில் பி-யை சி-க்கும் இன்னொன்றில் சி ஷார்ப்புக்கும் ஏற்ற நினைத்தால் முடியாது. ஏற்றத்தின் எல்லை பெடலில் இல்லாமல் பிரிட்ஜில் இருப்பதால், எத்தனை பெடல்கள் இழுத்தாலும் அந்தத் தந்தி ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். கேபிளை மாட்டும்போது, மிதிக்காத நிலையில் அது சற்றே தொய்ந்திருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் திறந்த தந்தியின், அதாவது பெடலை மிதிக்காத தந்தியின், சுருதியே மேலேறிவிடும்.

சுருதி சேர்க்கும் வரிசையை நீங்களே சோதித்து அறிந்துகொள்ளலாம். ஒரு தந்தியை மீட்டி, அதற்குரிய திருகாணியைச் சிறிதளவு திருப்பி, திறந்த சுருதி மாறுகிறதா, மிதித்த சுருதி மாறுகிறதா என்று பாருங்கள். திருகாணியால் மாறாத சுருதியை முதலில் பிருடையால், அதாவது தந்தியை முறுக்கும் முளையால், சேர்க்க வேண்டும்; மாறுகிற சுருதியை அதன் பிறகு திருகாணியால் சேர்க்க வேண்டும். வரிசையைத் தலைகீழாக்கினால் ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்று கெட்டு, பொழுது முழுவதும் அதிலேயே கழியும். மிதிக்கும்போது பெடல் எல்லை வரை செல்ல வேண்டும்; அரைகுறையாக மிதித்துச் சேர்த்த சுருதி மேடையில் நிற்காது.

மூன்றாம் தந்தி தனியாகக் கவனிக்க வேண்டியது. தொடக்கக்கால 400 கருவிகளில் தந்தியின் நீளம் ஏறத்தாழ 24.5 அங்குலம், பிற்காலத்தவை அதைவிடக் குட்டையானவை. ஆகவே யார் சொல்வதையும் நம்பாமல் பிருடைப் பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அளந்து பாருங்கள். நீளமான கருவியில் மூன்றாம் தந்தியை ஏ-க்கு ஏற்றும்போது எஃகு அறுபடும் எல்லையை நெருங்குகிறது. மெல்லிய தந்தி போட்டால் தப்பிக்கலாம் என்பது பரவலான நம்பிக்கை. நீளமும் சுருதியும் மாறாதவரை, தடிமனைக் குறைத்தாலும் எஃகின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்க வேண்டிய இழுவிசை குறைவதில்லை. எல்லாத் தந்திகளையும் ஒரு முழுச் சுரம் இறக்கி, ஈ-க்குப் பதில் டி-யை அடிப்படையாகக் கொள்வதே உருப்படியான வழி. கன்ட்ரி இசைக்கு வழக்கமான சுருதியமைப்புதான் வேண்டும் என்பதும் இல்லை. ஃபிளையிங் பரிட்டோ பிரதர்ஸ் என்ற அமெரிக்க கன்ட்ரி ராக் குழுவின் ஸ்னீக்கி பீட் கிளைனோ இதே 400ஐ பி6 என்ற சுருதியமைப்பில் வைத்துக்கொண்டு, ஓசையைக் கரகரப்பாக்கும் ஃபஸ் கருவியையும் சேர்த்து, வேறெவரிடமும் கேட்காத ஓசையை எழுப்பினார்.

புதிய கேபிள்கள் முதல் சில நாள்களில் சற்று நீளும். அப்போது தொய்வு அதிகமாகி, பெடல் பாதித் தூரம் இறங்கிய பிறகே தந்தி அசையத் தொடங்கும். ஒரு வாரம் வாசித்த பின் கருவியை மீண்டும் கவிழ்த்து, அந்தத் தொய்வை மட்டும் எடுத்துவிடுங்கள்; திருகாணிகளைத் தொட வேண்டியதில்லை.