வேண்டாம் என்றவரின் எண்ணை அழிக்காதீர்கள்

கடைகளுக்கு விளம்பர எஸ்எம்எஸ் அனுப்பும் வேலைக்குப் புதிதாக வந்த பையன் போன வாரம் பெருமையாகச் சொன்னான்: “அண்ணே, வேண்டாம்னு சொன்னவங்க நம்பரை எல்லாம் டெலீட் பண்ணிட்டேன்.” எனக்குப் பகீரென்றது. ஆரம்பத்தில் நானும் இதையேதான் செய்தேன்.

அழிப்பது

ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி சமயம். ஓர் அம்மா போன் செய்து மெசேஜ் வேண்டாம் என்றார். லிஸ்டிலிருந்து அவர் எண்ணைத் தூக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன். மாதக் கடைசியில் பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து புது லிஸ்ட் எடுத்து ஏற்றுவது வழக்கம். பில்லிங்கில் அவர் எண் பத்திரமாக இருந்தது, மறுபடி ஏறிக்கொண்டது. மறுபடி போன், மறுபடி அழிப்பு. நான்காவது முறை அவர் கடைக்கே வந்து கல்லாவில் போனை வைத்தார். “எடுத்தது ஒரே ஒரு புடவை தம்பி. வேண்டாம்னு சொன்னது நாலு தடவை.” அந்தத் தீபாவளிக்கு முதலாளி வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

வேண்டாம் என்றவரின் எண்ணை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். தனியாக ஓர் ‘அனுப்பாதே’ பட்டியல், பக்கத்தில் தேதி. லிஸ்ட் ஏற்றும்போது மட்டும் அந்த எண்களைக் கழித்தால் போதாது. அனுப்பும் நிமிடத்திலும் கழிக்க வேண்டும். திங்கட்கிழமை ஏற்றி புதன்கிழமைக்கு நேரம் குறித்துவிட்டால், நடுவில் செவ்வாயன்று ஒருவர் வேண்டாம் என்பார்.

கழிப்பதிலும் ஒரு வம்பு உண்டு. ஒரே எண் ஓரிடத்தில் 0 போட்டும், இன்னோரிடத்தில் 91 போட்டும், வேறோரிடத்தில் வெறும் பத்து இலக்கமாகவும் இருக்கும். கம்ப்யூட்டருக்கு அவை மூன்று ஆட்கள். கடைசி 10 இலக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள். எக்செலில் அந்தப் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் 12 இலக்க எண்ணை 9.19E+11 என்பதுபோல் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாக (வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் மிச்ச இலக்கங்கள் போயே போச்சு.

அமெரிக்க வாசகத்தை அப்படியே ஒட்டுவது

‘நிறுத்த, ஸ்டாப் என்று பதில் அனுப்பவும்.’ அங்கே மெசேஜ் ஓர் எண்ணிலிருந்து வருவதால் இது செல்லும். இங்கே நம் விளம்பரம் ‘ஹெடர்’ என்ற அனுப்புநர் குறியீட்டில் போகிறது. அதற்குப் பதில் அனுப்பினால் யாருக்கும் போய்ச் சேராது. மிஸ்டு கால் எண் ஒன்று கொடுங்கள், உங்கள் போனிலிருந்து ஒருமுறை அழைத்தும் பாருங்கள். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துக் குறிகள்தான் என்பதால் செலவு பார்த்து இந்த வரியை வெட்டுகிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025-இல் கொண்டுவந்த விதித் திருத்தப்படி விளம்பர மெசேஜில் விலகும் வழி இருந்தே ஆக வேண்டும். வெட்டுவதென்றால் ‘அன்பான வாடிக்கையாளரே’வை வெட்டுங்கள்.

“நிச்சயமாகவா?” என்று கேட்பது

கேட்காதீர்கள்.

உடனே மறுபடி சம்மதம் கேட்பது

90 நாள் பொறுங்கள். டிராயின் அதே திருத்தம்தான் சொல்கிறது.

பில் மெசேஜையும் சேர்த்து நிறுத்துவது

விளம்பரம் வேண்டாம் என்றவருக்கு பில்லும் ஓடிபியும் போகலாம், போக வேண்டும். ஆனால் பில்லின் வாலில் ‘அடுத்த வாரம் தள்ளுபடி’ என்று ஒட்டினால் அதுவும் விளம்பரம்தான்.

அந்தப் பையன் அதையும் ஒட்டியிருந்தான். இப்போது கடை போனுக்கு வந்த மிஸ்டு கால்களைப் பார்த்து, அழித்த எண்களை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான்.